கொப்பியைத் திருப்பித் தாருங்கள்

விஞ்ஞானக் கண்காட்சி நடத்தும் கல்வி அதிகாரிகளுக்கு,

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சென்ற கண்காட்சியில் எங்கள் தரம் 11 மாணவி ஒருத்தி மூளை வரைபடத்துக்காக முதலிடம் பெற்றாள். சான்றிதழும் பதக்கமும் கொடுத்தீர்கள், நன்றி. அவளுடைய அளவுக் கொப்பி மட்டும் இன்னும் வரவில்லை. இரண்டு தடவை கேட்டும் பதில் இல்லை.

கொப்பியில் இருப்பதைச் சொல்கிறேன். மொன்றியலில் வில்டர் பென்ஃபீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், விழித்திருந்த நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தூண்டி, உடம்பில் எங்கே உணர்கிறது என்று கேட்டுக் கேட்டுக் குறித்தார். 1937இல் வெளியான அந்த வரைபடத்தில் முதுகைவிட விரல்களுக்கும் உதடுகளுக்கும்தான் இடம் அதிகம். இதைக் கேட்டதும் பிள்ளை, "அப்ப, அம்மாவின் விரலுக்கு எவ்வளவு இடம் சேர்?" என்றாள். அம்மா கொழுந்து பறிப்பவர்.

முனை மழுங்கத் தேய்த்த குண்டூசிகளை இரண்டிரண்டாக அட்டைத் துண்டுகளில் குத்தினாள். இடைவெளி 2 மில்லிமீட்டரில் தொடங்கி 50 வரை. வேலை முடிந்து லயத்துக்கு வந்த பெண்களைக் கண்ணை மூடச் சொல்லி, தொட்டுத் தொட்டு, "ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டாள். இரண்டு முனை என்று உணர, விரல் நுனியில் சில மில்லிமீட்டர் இடைவெளியே போதும். முன்கையிலோ சில சென்ரிமீட்டர் வேண்டும். இடைவெளி குறைந்த உறுப்புக்கு மூளையில் இடம் பெரிது என்று கொண்டு, பெரிய கையும் சின்ன முதுகுமாக ஓர் ஆளை வரைந்தாள்.

நடுவர்களுக்கு அந்தப் படம் பிடித்தது. எனக்குப் பெரிதாகப் படுவது கடைசிப் பக்கம். காய்த்துப்போன விரலில் உணர்வு மங்குகிறதா, பல வருடப் பழக்கத்தில் கூர்மையாகிறதா என்று அங்கே கேட்டிருந்தாள். விடை சொல்லுமளவுக்கு இன்னும் ஆட்களை அளக்கவில்லை. பழைய அளவுகள் கையில் இல்லாமல் எப்படித் தொடர்வாள்?

சரி, நான் கேட்பது இதுதான். கொப்பியை நடுவர்களின் குறிப்போடு அனுப்புங்கள். இனி எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படியே செய்யுங்கள். முடிந்தால் இன்னொன்று: பேராதனை மருத்துவ பீடத்தில் உடற்றொழிலியல் படிப்பிக்கும் ஒருவர் இவளோடு அரை மணித்தியாலம் பேச ஏற்பாடு செய்யுங்கள். ஹட்டனிலிருந்து ரயிலில் நானே கூட்டிவருகிறேன்.

தேடுவதற்கு அடையாளம்: நீல உறை போட்ட 80 பக்கக் கொப்பி. முதல் பக்கத்தில் அவள் அம்மாவின் வலது கை, பென்சிலால் சுற்றி வரைந்தது.

இப்படிக்கு,
அவளுடைய விஞ்ஞான ஆசிரியர்