ட்ரிகர்களை எழுத்தில் கொடுங்கள்: மென்பொருள் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்குக் கணக்கு மென்பொருள் செய்து தந்த நிறுவனத்தாருக்கு,

வணக்கம். காரைக்குடி வட்டாரச் சங்கமொன்றில் கணினிப் பொறுப்பைப் பார்த்துவரும் நான், தங்களுக்கு எழுதிய நான்கு கடிதங்களுக்கும் பதில் வராததால், இதே மென்பொருளை வைத்திருக்கும் பிற சங்கத்தாரும் படிக்கட்டும் என்று இதைப் பொதுவில் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். எங்கள் தரவுத்தளத்தில் தாங்கள் வைத்திருக்கும் ட்ரிகர்கள், அதாவது ஒரு பதிவைச் சேர்த்தாலோ மாற்றினாலோ தானாகவே இயங்கும் சிறு நிரல்கள், எவை, ஒவ்வொன்றும் எந்த அட்டவணையில் எப்போது இயங்கி எதை மாற்றுகிறது என்பதை எழுத்தில் கொடுங்கள். அவற்றின் நிரலைப் பூட்டி வைக்காதீர்கள்.

நடந்தது தாங்கள் அறிந்ததே. முன்பு சேலை வரவை ஒவ்வொன்றாகப் பதிவோம். ஒரு நெசவாளர் கொண்டுவந்த சேலைகளை எல்லாம் ஒரே பட்டியலாக ஏற்றும் வசதியைத் தாங்கள் சேர்த்தபின் வந்த முதல் கூலி நாளில், கண்டாங்கி நெய்யும் அம்மா ஒருவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றோடு வந்தார். ஆறு தேதிகளைப் பென்சிலால் குறித்து, எதிரே அந்தந்தச் சேலையின் கரை நிறத்தையும் எழுதியிருந்தார். "தம்பி, ஆறு சேலை குடுத்திருக்கேன், ஒண்ணுக்குத்தான கூலி ஏறியிருக்கு?" என்றார். இருப்பில் ஆறும் இருந்தன. கூலிக் கணக்கில் ஒன்றுதான் இருந்தது. சங்கம் ஏமாற்றவில்லை என்று நான் சொன்னதை அவர் மறுக்கவில்லை. ஆனால் எழுந்து போகும்போது, "நீங்களே வச்சுப் பாருங்க" என்று நோட்டை என் மேசையிலேயே விட்டுச் சென்றார். அந்தக் கூலியைக் கையால் திருத்தி ஒப்புதல் வாங்க ஒன்பது நாளாயிற்று.

காரணத்தை நானே தேடினேன். எங்கள் தரவுத்தளம் ஓடும் எஸ்.க்யூ.எல். சர்வரில் ட்ரிகர் ஒரு கட்டளைக்கு ஒருமுறைதான் இயங்கும்; அந்தக் கட்டளை ஆறு பதிவுகளைச் சேர்த்தால், ஆறும் 'இன்செர்ட்டட்' என்ற தற்காலிக அட்டவணையில் ஒன்றாக வந்து நிற்கும். அதிலிருந்து சேலை எண்ணை, ஒரு மதிப்பை மட்டுமே தாங்கும் ஒரே ஒரு மாறிக்குள் எடுத்துக் கூலி போட்டால், மற்ற ஐந்தும் விடுபட்டுப் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் ட்ரிகர் பதிவுக்கு ஒருமுறை இயங்குவதால், அங்கே பழகிய கை இங்கும் அப்படியே எழுதிவிட வாய்ப்புண்டு. சோதனைப் பிரதியில் ஒவ்வொன்றாக ஏற்றியபோது ஆறுக்கும் கூலி ஏறியது; சேர்த்து ஏற்றியபோது ஒன்றுக்கு மட்டுமே ஏறியது. இதற்கு மேல் என்னால் உறுதிசெய்ய இயலவில்லை. தரவுத்தளத்தின் ட்ரிகர்களைக் காட்டும் sys.triggers பட்டியலில் பதினொரு பெயர்கள் தெரிகின்றன, ஆனால் அத்தனை நிரல்களும் படிக்க முடியாதபடி என்கிரிப்ஷன் செய்து பூட்டப்பட்டுள்ளன.

ட்ரிகரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யார் எந்தத் தொகையை எப்போது மாற்றினார் என்று பழைய மதிப்போடு குறித்து வைக்க அதைவிட நம்பகமான வழி குறைவு. எந்தத் திரையிலிருந்து மாற்றினாலும் அது தப்பவிடாது. பதிவு செய்யும் அதே பரிவர்த்தனைக்குள் இயங்குவதால், அது தோற்றால் பதிவும் சேர்ந்தே ரத்தாகும். இவ்வளவு வலுவுள்ள ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாமல் வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எழுதிப் பழகிய ஊர் இது. பேரேட்டில் ஒரு வரி இருந்தால், அதை எழுதிய கை எது என்று கேட்பவருக்கு இங்கே பதில் சொல்லியாக வேண்டும்.

கல்லூரிகளையும் இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். ட்ரிகர் என்றால் என்ன என்ற ஐந்து மதிப்பெண் கேள்விக்கு வரையறை எழுத வைக்கிறார்கள். ஒரே கட்டளையில் பத்துப் பதிவுகள் வந்தால் என்ன ஆகும் என்று ஆய்வகத்தில் செய்து பார்க்க வைப்பதில்லை. அப்படிப் படித்து வந்தவர்கள் எழுதும் நிரலில்தான் கூலிக்காரர்களின் வயிற்றுப்பாடு ஓடுகிறது. கோபத்தில் சற்று விலகிவிட்டேன், பொறுத்தருள்க.

தங்களிடம் பணிந்து கேட்பது அதே ஒன்றுதான். பதினொரு ட்ரிகர்களின் விவரத்தையும் பூட்டில்லாத நிரலையும் இம்மாத இறுதிக்குள் அனுப்பி வையுங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் இயலாதென்றால், கூலிக் கணக்கைத் தொடும் ட்ரிகரை மட்டுமாவது அடுத்த கூலி நாளுக்கு முன் அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன். அதுவரை சேலைகளை ஒவ்வொன்றாகவே பதிகிறோம்.

இப்படிக்கு,
கணினிப் பொறுப்பாளர்,
நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், காரைக்குடி வட்டாரம்