பேர் போடாத மூன்று நாள்

பொகவந்தலாவை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மழை விட்டபாடில்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி. அங்கே பனி கொட்டுகிறதாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

தீபாவளிக்கும் நீ போன் எடுக்கவில்லை. வேலை இருக்கும். மகன் அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் இருக்கிறான் என்று நான்தான் தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிகிறேன். கடைசியாகப் பேசியபோது கொரோனாக் காலத்தில் உங்கள் மாநிலம் போட்ட அந்த 702 சட்டத்தைச் சொன்னாயே, அதுவே மண்டையில் ஓடுகிறது. ஊசி போட்டாயா, கார்டு இருக்கா என்று பார்த்து ஒருவனுக்கு வேலை மறுத்தால், நிறமும் மதமும் பார்த்து மறுத்த மாதிரி குற்றம் என்று 2021 மே மாதமே எழுதிவிட்டார்களாமே. ஆஸ்பத்திரிக்கும் அது செல்லுமா என்று கோர்ட்டு வரை போனதாம்.

எனக்கு அது இன்னும் சரியாகப் படவில்லை. நோயாளிப் பக்கத்தில் நிற்கிறவள் ஊசி போட்டிருக்க வேண்டாமா? பள்ளிக்கூடங்களை விலக்கினார்களே, ஏன்? உன் பூட்டனை அக்கரையில் மண்டபம் கேம்பில் அடைத்து, அம்மை குத்தித்தான் இலங்கைப் பக்கம் விட்டார்கள். நீயும் ஊசித் தேதியைத் தவறவிடாதே. காதை மூடிக்கொள்.

சரி, நான் எழுத வந்தது அது இல்லை.

கொரோனா ஊசி கார்டு இல்லை என்று அத்தைக்கு அன்றன்றைய வேலைக்குப் பேர் போடாத விஷயம். தோட்டத்துத் துரை சொன்னார், செய்தேன் என்றுதான் உன்னிடமும் அம்மாவிடமும் சொல்லி வந்தேன். துரை சொல்லவில்லை தம்பி. யாருமே சொல்லவில்லை. ஊசி போடாதவர்கள் பொது இடத்துக்கு வரக்கூடாது என்று அரசாங்கமே 2022 ஏப்ரல் 30 என்று நாள் குறித்தது அதற்கு அப்புறம்தான். நான் 2021 ஆகஸ்டிலேயே, பேர் பதியும் செக்ரோல் புத்தகம் கையில் இருந்த தைரியத்தில், காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் அத்தனை பேர் முன்னால் அவளைக் கூடையோடு திருப்பி அனுப்பினேன். சின்ன வயதில் ஊசி அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது தெரிந்திருந்தும். கார்டு இல்லாத வேறு இரண்டு பேரை மலைக்கு ஏற விட்டேன். சொந்தத் தங்கச்சியைத் திருப்பினால் கணக்கப்பிள்ளை நேர்மையான ஆள் என்பார்கள் அல்லவா? மூன்று நாள் அப்படி. அப்போது ஒரு நாள் பேருக்கு 1000 ரூபாய் சம்பளம்.

அவள் வாய் திறக்கவில்லை. அன்றைக்குச் சாயந்தரமும் ரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டாள், நானும் தின்றேன்.

நேற்று வந்திருந்தாள். உனக்கு மிளகாய் வறுத்து இடித்து வைத்திருக்கிறாளாம், அனுப்ப விலாசம் கேட்டாள். பழைய விலாசம்தானா? என்னிடம் பேச மனமில்லை என்றால் அவளுக்காவது போன் எடுத்துச் சொல்.

அப்பா