பனிக்கு முன்பே விழுந்த அடி

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனைகள் பற்றிய தங்கள் கட்டுரை, ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியரைத் தோற்கடித்தது ருஷ்யப் பனிதான் என்கிறது. அப்படிச் சொன்னால் சோவியத் படையின் திட்டமிடல் மறைந்துபோகிறது.

1942 நவம்பர் 19 அன்று சோவியத் அடி விழுந்தது நகரத்துக்குள் அல்ல, ஜெர்மனியின் கூட்டாளிகளான ருமேனியப் படைகள் காத்து நின்ற பக்கவாட்டில். டாங்கிகளை எதிர்க்க அவர்களிடம் பெரும்பாலும் இருந்தவை குதிரை இழுக்கும் 37 மி.மீ. பீரங்கிகள். சோவியத் டி-34 டாங்கியின் முன்கவசத்தில் பட்டு அந்தக் குண்டு தெறித்துவிடும். 23ஆம் தேதியே, நகருக்கு மேற்கே உள்ள கலாச் அருகே, ஜெர்மானியரைச் சுற்றிய வளையம் மூடிவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் டன் கணக்குதான். உள்ளே சிக்கிய ஜெர்மானிய 6ஆவது படைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் சரக்கு வேண்டும். யுங்கர்ஸ் 52 என்ற ஜெர்மானியச் சரக்கு விமானம் ஒரு நடைக்குச் சுமப்பது ஏறக்குறைய 2 டன். அப்படியானால் தினமும் 150 விமானங்கள் இறங்கியாக வேண்டும்! இரவில் இறங்கும் வசதி வளையத்துக்குள் இருந்த பிதோம்னிக் விமானத்தளத்தில் மட்டுமே இருந்தது. முடியும் என்று ஜெர்மானிய விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்குக் கொடுத்தார்; போய்ச் சேர்ந்ததோ சராசரியாக நூறு டன்னை ஒட்டித்தான். மூடுபனியும் உறைந்த எஞ்சின்களும் இந்தக் கட்டத்தில்தான் கெடுத்தன. டிசம்பர் 24 அன்று, சரக்கு விமானங்கள் புறப்பட்டுவந்த தத்சின்ஸ்காயா விமானத்தளத்துக்குள்ளேயே சோவியத் டாங்கிகள் புகுந்தன. அதன்பின் இன்னும் தொலைவிலிருந்து பறக்க வேண்டியிருந்ததால் நடைகளும் குறைந்தன. ஜனவரி 16இல் பிதோம்னிக்கும் கைவிட்டுப் போனது. வண்டி இழுக்க வேண்டிய குதிரைகள் ஏற்கெனவே அடுப்பேறிவிட்டன.

அடுத்த பகுதியிலாவது இந்தக் கணக்கையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர், மதுரை