ஊருக்கு ஒரு உயரத்துல தட்டை பூமி சூரியன்

ஆசிரியருக்கு வணக்கம்,

பூமி உருண்டை இல்ல, தட்டைன்னு சொல்றவங்களோட தட்டை பூமி வீடியோ இப்ப தமிழ்லயும் வர ஆரம்பிச்சிருச்சு, அதப் பத்தி பேச்சு வந்தாலே நாம எல்லாரும் பண்றது ஒண்ணுதான், "லூசுப் பசங்க"ன்னு சிரிச்சிட்டு தள்ளிவிட்டுட்டு போயிடறோம், பத்திரிகைகளும் ஒரு விநோத செய்தி மாதிரி பெட்டி கட்டி போட்டு முடிச்சிடுறீங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லைங்க. ஏன்னா சூரியனைப் பத்தி அவங்க சொல்றதுல நம்பர் இருக்கு. நம்பர் இருந்தா சோதிச்சுப் பாக்கலாம்ல, அதுக்கு நாசாவும் வேணாம் ராக்கெட்டும் வேணாம், நம்ம பத்தாவது முக்கோணவியல் பாடத்துல வர்ற ஏற்றக்கோணம் கணக்கே போதும்.

மொதல்ல அவங்க சொல்றத நேர்மையா சொல்லிடுறேன். பூமி ஒரு வட்டத் தட்டு, நடுவுல வட துருவம், விளிம்பு பூரா அண்டார்டிகா பனிச்சுவர். சூரியன் சுமார் 3,000 மைல், அதாவது 4,800 கிலோமீட்டர் உயரத்துல, 32 மைல் குறுக்களவுல ஒரு சின்ன விளக்கு. அது தோசைக்கல்லுக்கு மேல எண்ணெய்த் துணி சுத்துற மாதிரி வட துருவத்தை மையமா வச்சு ஒரு நாளைக்கு ஒரு சுத்து வரும், ஜூன்ல உள்வட்டம் (கடக ரேகை), டிசம்பர்ல வெளிவட்டம் (மகர ரேகை). மறையறதெல்லாம் இல்லையாம், தூரமா போறதால கண்ணுக்கு கீழ இறங்குன மாதிரி தெரியுதாம். 32 மைல் சூரியன் அமெரிக்காவுல சீயோன்ங்கற ஊர்ல சபை நடத்துன வில்பர் வோலிவா நூறு வருஷத்துக்கு முன்னாடியே பேசுனது. அவருக்கும் முந்தி, 19ம் நூற்றாண்டு இங்கிலாந்துல இதையெல்லாம் கிளப்பிவிட்ட சாமுவேல் ரோபாதம், லண்டன்லயும் பிரைட்டன்லயும் கோணம் அளந்து சூரியன் 700 மைலுக்குள்ளதான் இருக்குன்னு எழுதிட்டாரு. 700 எங்க, 3,000 எங்க! ஆளுக்கு ஒரு உயரம்னு நினைக்காதீங்க, உண்மையில ஊருக்கு ஒரு உயரம், அதுதான் நான் சொல்ல வர்ற விஷயமே.

அவங்க வழக்கமா காட்டுற கணக்கு இதுதான். மார்ச் 20, 21 வாக்குல பகலும் இரவும் சமமா வர்ற நாள்ல உச்சி வேளையில சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேல இருக்கும். 45 டிகிரி அட்சரேகையில நிக்கிறவருக்கு அப்ப சூரியன் 45 டிகிரி கோணத்துல தெரியும். பூமத்திய ரேகையிலேருந்து அங்க வரைக்கும் 5,000 கிலோமீட்டர், 45 டிகிரின்னா உயரமும் அடியும் சமம், ஆக சூரியன் உயரம் 5,000 கிலோமீட்டர், கிட்டத்தட்ட அந்த 3,000 மைல் வந்திருச்சு பாருங்க. கேக்குறதுக்கு சூப்பரா இருக்கும். நானே மொதல்ல படிச்சப்ப பரவால்லயே கணக்கெல்லாம் போடுறாங்களேன்னுதான் நினைச்சேன்.

இப்ப அதே நாள், அதே உச்சி வேளை, அதே ஃபார்முலா, ஊரை மட்டும் மாத்துங்க. சென்னை 13 டிகிரி, பூமத்திய ரேகையிலேருந்து சுமார் 1,450 கிலோமீட்டர், சூரியன் தெரியுற கோணம் 77 டிகிரி, அந்த தூரத்தை டேன் 77 (tan 77°) போட்டு பெருக்குனா உயரம் 6,250 கிலோமீட்டர் கிட்ட வருது. லண்டன்ல போட்டா 4,550. நார்வேல ஓஸ்லோ, 60 டிகிரி, அங்க 3,850. அதே நார்வேல இன்னும் வடக்க டிராம்சோன்னு ஒரு ஊரு, அங்க 2,900க்கும் கீழ போயிடுது. ஒரே சூரியன், ஒரே நாள், சென்னைக்காரனுக்கு 6,250 நார்வேக்காரனுக்கு 2,900ன்னா அது எப்படிங்க? தரை தட்டையா இருந்தா எந்த ஊர்லேருந்து போட்டாலும் ஒரே உயரம்தான வரணும். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கு, கதிரெல்லாம் இணையா வருது, வளையறது நம்ம காலுக்கு கீழ இருக்கிற தரைதான்னு வச்சுக்கிட்டா எல்லா ஊர் கோணமும் ஒரே அடியில சரியா உக்காந்துடும்.

இதுல வாத்தியாருங்களுக்கு ஒரு வார்த்தை. நிழலை வச்சு பூமியோட சுற்றளவை கணக்கு போட்ட பழைய கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் கதைய சொல்லிட்டா தட்டை பூமி செத்துருச்சுன்னு நினைச்சுக்கிறாங்க, எகிப்துல ஒரே நாள் உச்சி வேளையில சியீன்ங்கற ஊர்ல நிழல் இல்ல, அதுக்கு வடக்க அலெக்சாண்ட்ரியாவுல 7.2 டிகிரி நிழல், அதனால பூமி உருண்டைன்னு. அது பத்தாது. ரெண்டே ஊரு மட்டும் வச்சா தட்டைப் பூமி பக்கத்து சூரியனும் அதே நிழலைக் குடுக்கும் (அந்த ரெண்டு ஊரு கணக்குல உயரம் 6,300 கிலோமீட்டர் சொச்சம் வரும்). விவரமான பையன் யாராவது வீடியோவ பாத்துட்டு வந்து இதக் கேட்டா வாத்தியார் முழிப்பாரு. மூணாவது ஊர சேத்தாதான் பிடிபடும்.

அப்புறம் சாயங்காலம். அவங்க நம்பரை வச்சே பாத்தா, அதே மார்ச் நாள்ல சாயங்காலம் 6 மணி வாக்குல தமிழ்நாட்டுலேருந்து சூரியன் சுமார் 14,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும், ஆனா அப்பவும் அடிவானத்துக்கு 20 டிகிரி மேல நிக்கணும். கைய நீட்டி முஷ்டிய மடக்குனா ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி, அப்ப ரெண்டு முஷ்டி உயரம். நடு ராத்திரியில கூட 14 டிகிரிக்கு கீழ இறங்காது. அதோட சாயங்கால சூரியன் மதியம் பாத்த சைஸ்ல மூணுல ஒரு பங்காதான் இருக்கணும், திசையும் நேர் மேற்கா இருக்காது, வடமேற்கா இருக்கணும். மெரினாவுல நின்னு பாத்தாலும் கன்னியாகுமரியில நின்னு பாத்தாலும் அப்படியா இருக்கு? சூரியன் காலையிலேருந்து சாயங்காலம் வரை அதே அரை டிகிரி சைஸ்தான், கடல்ல மறையும்போது அடிப்பக்கம் மொதல்ல அறுபடுது. தூரம் போறதால மறையுதுன்னா புள்ளியா சுருங்கணும், பாதியா அறுபடாது. இதுக்கு அவங்க வச்சிருக்கிற பதில் "பெர்ஸ்பெக்டிவ்" (தூரம் போகப்போக பொருள் சின்னதா, கீழ இறங்குன மாதிரி தெரியறது)ங்கற ஒத்த வார்த்தை, அத ஒரு படம் வரைஞ்சு அளவு போட்டு காட்டுங்கன்னு கேட்டா ஆளைக் காணோம்.

வேகமும் இடிக்குது. ஜூன் வட்டம் சின்னது, டிசம்பர் வட்டம் பெருசு, ரெண்டையும் 24 மணி நேரத்துல முடிக்கணும்னா ஜூன்ல மணிக்கு 1,900 கிலோமீட்டர் சொச்சம் போற சூரியன் டிசம்பர்ல 3,300 கிலோமீட்டர்ல ஓடணும், யார் ஆக்சிலேட்டர மிதிக்கிறாங்கன்னு தெரியல.

டிசம்பர்னு சொன்னதும் அண்டார்டிகா ஞாபகம் வருது. தென் துருவப் பக்கம் அப்ப 24 மணி நேரமும் சூரியன் இருக்கும். தட்டு மேப்புல அது நடக்கணும்னா வெளிச்சம் விளிம்பு பூரா வளையமா விழுந்து நடுவுல மட்டும் இருட்டா இருக்கணும், ஒரு சின்ன ஸ்பாட்லைட்டால அப்படி அடிக்க முடியுமா? அதனாலதான் ரொம்ப காலமா அங்க 24 மணி நேர சூரியனே கிடையாதுன்னு அடிச்சு சொன்னாங்க. 2024 டிசம்பர்ல வில் டஃபிங்கற அமெரிக்க பாஸ்டர் தட்டைன்னு சொல்றவங்க, உருண்டைன்னு சொல்றவங்க ரெண்டு தரப்பையும் அண்டார்டிகாவுல யூனியன் கிளேசியர் முகாமுக்கு கூட்டிட்டுப் போனாரு. சூரியன் மறையாம சுத்தி வந்துச்சு. தட்டை பூமி சேனல் நடத்துன ஜெரன் கம்பனெல்லா, 24 மணி நேர சூரியன் இல்லன்னு தான் நம்பிட்டிருந்ததாவும், ஆனா அது இருக்குன்னும் கேமரா முன்னாடியே ஒத்துக்கிட்டாரு. அந்த மனுஷன் மேல எனக்கு மரியாதை உண்டு, ஏன்னா அவரோட ஆளுங்களே அவர விலை போயிட்டான், வீடியோ ஸ்டூடியோல எடுத்ததுன்னு திட்ட ஆரம்பிச்சாங்க. அந்த டிரிப்ப கேலி பண்ணுன மீம்ஸ் நெறைய பாத்தேன், 24 மணி நேர சூரியன் ஏன் அவங்களுக்கு இவ்ளோ பெரிய பிரச்சனைன்னு விளக்குனது ரொம்ப கம்மி.

அதனால உங்ககிட்ட ஒரு ரிக்வெஸ்ட். செப்டம்பர் 22, 23 வாக்குலயும் மார்ச்லயும் இந்த சம நாள் வரும்போது மாணவர் பக்கத்துல அரைப்பக்கம் ஒதுக்குங்க. யாழ்ப்பாணம், சென்னை, டெல்லி, முடிஞ்சா லண்டன், ஓஸ்லோல இருக்கிற உங்க வாசகர்களையும் சேத்துக்கிட்டு, உச்சி வேளையில ஒரு மீட்டர் குச்சியோட நிழல் எவ்ளோன்னு அளந்து அனுப்ப சொல்லுங்க, வர்ற நம்பரை அப்படியே டேபிளா போடுங்க, சூரியன் எவ்ளோ உயரத்துல இருக்குன்னு பசங்களே ஊர் ஊரா கணக்கு போட்டுக்கட்டும். 12 மணிக்கு அளந்தா தப்பாயிடும், நிழல் ரொம்ப குட்டையா இருக்கிற நேரம்தான் உச்சி, அது ஊருக்கு ஊர் மாறும்னும் சேத்துப் போடுங்க. முக்கியமா யாரையும் வெறும் கண்ணால சூரியனைப் பாக்க சொல்லிடாதீங்க, குச்சியும் இஞ்ச் டேப்பும் இருந்தா போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி