பிளஸ் போட்டால் ஒன்று குறையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் மாலையில் நான்கைந்து பிள்ளைகள் வேதியியல் படிக்க வருவார்கள். சென்ற வாரம் ஆறாம் படிவ மாணவி ஒருத்தி ஒரு பயிற்சி நூலை நீட்டினாள். நைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று, மேலே ஒரு பிளஸ். மின்சுமை கொண்ட இந்த அயனியில் எத்தனை எலெக்ட்ரான்? விடைப் பக்கத்தில் 16 என்று அச்சிட்டிருந்தது. அவளுக்கு 14 வந்திருந்தது. அச்சில் உள்ளதே சரி என்று நினைத்து, தான் போட்டதை அழித்துவிட்டாள். எனக்கு மனது பொறுக்கவில்லை.

தோட்டத்தில் பொறுக்கிய ரப்பர் கொட்டைகளைத் தரையில் பரப்பினோம். நைட்ரஜன் அணுவுக்கு 7 எலெக்ட்ரான், ஆக்சிஜனுக்கு 8, ஆக 15. எலெக்ட்ரான் எதிர்மின் சுமை கொண்டது. அதில் ஒன்று வெளியே போனால்தான் அயனிக்கு பிளஸ் வரும். ஒரு கொட்டையை எடுத்து அவள் கையில் வைத்தேன். தரையில் 14. ஒன்றாம் ஆண்டிலிருந்து பிளஸ் என்றால் கூட்டு என்றே பழகிய பிள்ளைகள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். சயனைடு அயனிக்கு கார்பனின் 6, நைட்ரஜனின் 7, மைனஸுக்காக வந்து சேர்ந்த ஒன்று: அதுவும் 14. கார்பன் மோனாக்சைடுக்கும் நைட்ரஜன் மூலக்கூறுக்கும் அதே 14.

இந்த ஒற்றுமை வெறும் எண்ணில் நிற்பதில்லை. கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜனும் பல இயற்பியல் பண்புகளில் ஒத்திருப்பதை அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் 1919-இல் எடுத்துக்காட்டினார். நைட்ரஜன் கொதிப்பது மைனஸ் 196 பாகை செல்சியஸில், மற்றது மைனஸ் 191.5-இல். ஆனாலும் ஒன்று நாம் விடும் மூச்சிலெல்லாம் இருக்கிறது, மற்றது ஆளைக் கொல்லும். எண்ணிக்கை ஒன்றானாலும் அணுக்கருக்கள் வேறு என்பதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என் அப்பா தோட்டத்து ரப்பர் பால் ஸ்டோரில் வேலை செய்தவர். பால் உறையாமலிருக்க அம்மோனியா, உறைய வைக்க பார்மிக் அமிலம். வீடு திரும்பும்போது சட்டையில் வரும் அம்மோனியா நெடி எங்கள் கண்ணைக் கரிக்கும். அம்மோனியாவில் நைட்ரஜனின் 7-உம் மூன்று ஹைட்ரஜனின் 3-உம் சேர்ந்து 10 எலெக்ட்ரான். அமிலம் தண்ணீரில் உண்டாக்கும் ஹைட்ரோனியம் அயனியில் ஆக்சிஜனின் 8-உம் மூன்று ஹைட்ரஜனின் 3-உம் சேர்ந்து 11, பிளஸுக்காக ஒன்று போக அதுவும் 10. வடிவமும் இரண்டுக்கும் கூம்பகம்தான். அப்பா ஒரு கையால் காத்ததும் மறு கையால் திரள வைத்ததும் ஒரே எண்ணிக்கை என்று அன்று அவருக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பயிற்சி நூல் போடுபவர்களும் உங்கள் மாணவர் பக்கத்தில் எழுதும் ஆசிரியர்களும் விடையை மட்டும் தராமல், அயனியின் சுமைக்காக எத்தனை எலெக்ட்ரான் கழித்தோம், எத்தனை சேர்த்தோம் என்ற ஒரு வரியைக் கட்டாயம் காட்ட வேண்டுகிறேன். அந்தப் பெண் 16-ஐ அடித்து 14 என்று பேனாவால் எழுதிவிட்டாள். அதே நூலை வைத்திருக்கும் மற்ற பிள்ளைகளும் திருத்திக்கொள்ளட்டும்.

ஓய்வு பெற்ற ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்