மூடிய கதவுகளைக் காட்டிய கோட்டைச் சுற்றுலா: பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற உதவிச் செயற்பொறியாளர், பொதுப்பணித்துறை,
தஞ்சாவூர்
(தற்போது ஜெர்மனி, டோர்ட்முண்டில் மகள் வீட்டில்)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் பிரிவு,
தங்கள் சுற்றுலா நிறுவனம்

பொருள்: மே 18, 19 தேதிகளில் நடந்த ‘முன்ஸ்டர்லாந்து கோட்டை, மாளிகைச் சுற்றுலா’ – சொன்னபடி காட்டாதது – பாதித் தொகையைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் விளம்பரத் தாள் மற்றும் மே 24 தேதியிட்ட தங்கள் பதில் மின்னஞ்சல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். நானும் என் மனைவியும் தலைக்கு 189 யூரோ வீதம் 378 யூரோ கட்டி மேற்படி சுற்றுலாவில் வந்தோம். இரண்டு நாளில் உள்ளே போய்ப் பார்த்த கோட்டை, மாளிகை எத்தனை என்று வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. நாங்கள் உள்ளே போன கட்டடங்கள் மொத்தம் மூன்று: ஒரு கோயில், ஒரு சாப்பாட்டுக் கடை, ராத்திரி தங்கிய விடுதி.

விளம்பரத் தாளிலிருந்தே தொடங்குகிறேன். அதன் முகப்பில் மலைமேல் வெள்ளை வெளேரென்று கூரான கோபுரங்களோடு நிற்கும் மாளிகையின் படம் போட்டிருக்கிறீர்கள். அது நொய்ஷ்வான்ஸ்டைன். பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் 1869இல் கட்டத் தொடங்கியது. எங்களை அழைத்துப்போன இடத்திலிருந்து சாலை வழியே அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். தஞ்சாவூர் சுற்றுலா என்று எழுதி மைசூர் அரண்மனைப் படத்தை ஒட்டினால் எப்படி இருக்கும்? அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என் மனைவி, முட்டிவலியோடு இவ்வளவு உயரம் ஏற முடியுமா என்று இரண்டு நாள் யோசித்தார். உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தே கேட்டோம். “லிஃப்ட் இருக்கும் சார்” என்றார்கள்.

முன்ஸ்டர் நகரைச் சுற்றியுள்ள முன்ஸ்டர்லாந்து வட்டாரம் பெரும்பாலும் தட்டைப் பூமி. ஏறிக் கோட்டை கட்ட மலை இல்லாததால்தான் அங்கே பிரபுக்களும் ஆயர்களும் தண்ணீரை நம்பினார்கள். தோண்டினால் ஊற்றெடுக்கும் நிலம். ஆறோ ஓடையோ பக்கத்திலேயே இருக்கும். அதைத் திருப்பிவிட்டு அகழி வெட்டி, நடுவில் தீவு மாதிரி நிறுத்திக் கோட்டை கட்டினார்கள். அந்த வட்டாரத்தில் அகழிக்கு ‘கிரேஃப்டெ’ என்று பெயர். இப்படி எத்தனை இருக்கின்றன என்றால், இவற்றையெல்லாம் கோத்து ஏறத்தாழ 960 கிலோமீட்டருக்கு ‘நூறு மாளிகைப் பாதை’ என்று ஒரு சைக்கிள் பாதையே போட்டிருக்கிறார்கள். பெரிய கோயிலைச் சுற்றியுள்ள அகழியைப் பார்த்தே வளர்ந்தவன் நான்; முப்பது வருஷம் வாய்க்கால், மதகு என்றே உத்தியோகம் பார்த்தவன். எனவே மாப்பிள்ளை இந்தச் சுற்றுலாவைக் காட்டியதும் உடனே சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு டோர்ட்முண்டில் பஸ் கிளம்பியது. நேரே கோட்டைக்குப் போவோம் என்று பார்த்தால், ஹாம் நகரிலுள்ள காமாட்சி அம்மன் கோயிலில் போய் நின்றது. 2002இல் குடமுழுக்கு நடந்த கோயில்; இலங்கைத் தமிழர்கள் பாடுபட்டு எழுப்பியது. அம்பாள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பயணத் திட்டத்தில் கோயில் கிடையாது, அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் மகளோடு போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். அங்கே இரண்டரை மணி நேரம் போயிற்று. அப்புறம் சாப்பாடு. பந்தி மாதிரி மூன்று தவணையாக உட்கார வைத்ததில் மணி நாலாகிவிட்டது. சாம்பார் நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹூல்ஸ்ஹோஃப் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆறரை. பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், பதினைந்து நிமிஷம் என்றார் வழிகாட்டித் தம்பி. இது யாருடைய வீடு என்று ஓர் அம்மா கேட்டதற்கு, “ஒரு ராணி இருந்தாங்க ஆன்ட்டி” என்றார். ராணி இல்லை. ஜெர்மன் மொழியின் பெரிய கவிஞர்களில் ஒருவரான அன்னெட்டெ ஃபொன் ட்ரோஸ்டெ ஹூல்ஸ்ஹோஃப் 1797இல் பிறந்த வீடு அது. யூரோ வருவதற்கு முன்பிருந்த 20 மார்க் நோட்டில் அவர் படம்தான் இருந்தது. என் மைத்துனர் பழைய நோட்டு சேர்ப்பவர். இந்தப் பயணத்துக்கென்றே அந்தப் பச்சை நோட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். அந்தக் கவிஞர் பிறந்த வீட்டுக்குள்ளேயே அதைக் கையில் பிடித்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது மைத்துனரின் ஆசை. நோட்டைப் பர்சிலிருந்து எடுத்து, அதிலிருந்த முகத்தைத் தம்பியிடம் காட்டினேன். “சூப்பர் அங்கிள்” என்றார். சரி, சின்னப் பையன்.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு லூடிங்ஹவுசன் ஊரிலுள்ள ஃபிஷரிங் கோட்டை. நான் பார்க்க ஏங்கியது இதைத்தான். அந்த ஊர்ப் பிரபுக்களை அடக்கி வைக்க முன்ஸ்டர் ஆயர் 1271இல் கட்டியது. 1521இல் தீப்பிடித்து எரிந்து, பழைய அடித்தளத்தின்மேலேயே திரும்ப எழுந்தது. ஸ்டேவர் ஆறுதான் அகழிக்குத் தண்ணீர் தருகிறது. முன்கோட்டை ஒரு தீவு, அதைத் தாண்டி வட்டமாகச் சுவர் வளைந்த பிரதான கோட்டை இன்னொரு தீவு. பாலத்தில் நின்று கீழே பார்த்தேன். சுவர் நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேல்வரை கல் பாசிபிடித்துக் கறுத்திருக்கிறது, அதற்குமேல் வெளிறிய கல். இந்த மாதிரிச் சதுப்பு நிலத்தில் ஓக் மரத்தூண்களை அடித்து இறக்கி, அவற்றின்மேல் சுவரெழுப்புவது அந்தக்கால வழக்கம். மரம் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும்வரை காற்றுப் படாது, உளுக்காது. அகழி வற்றினால்தான் ஆபத்து. கோட்டையைக் காப்பாற்றுகிற தண்ணீரே அஸ்திவாரத்தையும் காப்பாற்றுகிறது. இங்கேயும் அப்படித்தானா, உள்ளே அதைப் பற்றி ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று கேட்கலாமென வாசலுக்குப் போனால், திங்கட்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை என்று பலகை தொங்குகிறது.

பலகை அன்று காலை மாட்டியது இல்லை. ஜெர்மனியில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்தான் வார விடுமுறை. இந்த நாட்டுக்கு வந்து ஆறு வாரமான எனக்கே அது தெரியும். பழங்காலத்துக் கோட்டையில் சமையல் எப்படி நடந்திருக்கும், ஓர் அடுப்படியையாவது பார்க்க வேண்டும் என்பதுதான் என் மனைவியின் ஒரே ஆசை. அவர் பாலத்துத் திண்டில் உட்கார்ந்து வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து நோர்ட்கிர்ஷென். பிரான்சின் வெர்சாய் அரண்மனையோடு ஒப்பிட்டு, ‘வெஸ்ட்ஃபாலியாவின் வெர்சாய்’ என்று பெயர் பெற்ற மாளிகை. உங்கள் தாளில் “அரண்மனை அறைகளை உள்ளே சென்று ரசிக்கலாம்” என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அந்த அரண்மனை இன்று மாநில அரசின் நிதிக் கல்லூரி. வரித்துறை அதிகாரிகளுக்கு அங்கேதான் பயிற்சி. நாங்கள் போனபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே தெரிந்தது புரொஜெக்டர் திரையும் நாற்காலி முதுகில் மாட்டிய மேல்சட்டைகளும்தான். படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த ஒரு மாணவரிடம் மகள் போனில் ஜெர்மனில் பேசிக் கேட்டாள். உள்ளே போவதென்றால் வழிகாட்டியோடுதான் போக முடியும், குழுவாக வந்தால் முன்பதிவு வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்திருந்தால் பொதுமக்களோடு சேர்ந்து பார்த்திருக்கலாம் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் நாங்கள் பந்திக்குக் காத்திருந்தோம்.

தம்பி அங்கேயும், லுட்விக் ராஜா கட்டியது என்றார். முகப்புப் படத்தின் பாதிப்பு போலும். கட்டத் தொடங்கியவர் முன்ஸ்டரின் ஆயராகவும் ஆட்சியாளராகவும் இருந்த ஃபொன் பிளெட்டன்பெர்க். 1703இல் வேலை ஆரம்பித்தது, 1706இல் அவர் இறந்துவிட்டார், கட்டி முடிய 1734 ஆயிற்று. பூங்காவில் ஒரு மணி நேரம் நடந்தோம். நல்ல பூங்கா. அதற்கு யாருக்கும் டிக்கெட் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தத் தம்பிமேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம். படிக்கிற பிள்ளை, முதல்நாள் இரவுதான் கூப்பிட்டு, ஒரு பக்கக் குறிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள் என்று அவரே சொன்னார். பஸ்ஸில் என் மனைவிக்கு முன்சீட்டு வாங்கிக்கொடுத்ததும் அவர்தான்.

உங்கள் பதிலில், கோட்டைகளின் வேலைநேரம் தங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் எந்தக் கிழமை எங்கே போவது என்பதை முடிவு செய்தது நீங்கள்தானே? இந்த இரண்டு நாள் திட்டத்தைத் திருப்பிப் போட்டு, நோர்ட்கிர்ஷெனையும் ஃபிஷரிங்கையும் ஞாயிறன்று வைத்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. ஜெர்மன் சிவில் சட்டம் 651-எம் பிரிவுப்படி, பயணத்தில் குறை இருந்தால் அந்த அளவுக்குக் கட்டணம் குறையும். குறையை அப்போதே தெரிவித்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை என்று மகள் படித்துச் சொன்னாள். ஃபிஷரிங் வாசலிலிருந்து காலை 10.50க்கே பலகையின் படத்தோடு உங்கள் அலுவலக எண்ணுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறோம். இரண்டு நீல டிக்கும் விழுந்திருக்கிறது.

சமாதானமாக 40 யூரோ தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியிருக்கிறீர்கள். ஆறு மாதத்துக்குள் இன்னொரு சுற்றுலா வந்தால்தான் செல்லுமாம். நாங்கள் ஜூலையில் ஊர் திரும்புகிறோம். என் பர்சிலிருக்கும் 20 மார்க் நோட்டுக்கு ஜெர்மன் மத்திய வங்கி இன்றும் 10.23 யூரோ தரும், கெடு எதுவும் கிடையாது. கூப்பனை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பஸ், விடுதி, சாப்பாடு கிடைத்தன. அவற்றுக்கான பாதியை நான் கேட்கவில்லை. மீதி 189 யூரோவை, இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் கட்டிய அதே வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்பவும். விளம்பரத் தாளிலிருந்து நொய்ஷ்வான்ஸ்டைன் படத்தை எடுத்துவிட்டு, ஃபிஷரிங் படத்தைப் போடவும். வேண்டுமானால் நான் பாலத்திலிருந்து எடுத்ததையே அனுப்புகிறேன்.

இணைப்பு: கட்டண ரசீது நகல், விளம்பரத் தாள், வாசல் பலகையின் படம், கூப்பன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

பி.கு.: என் மனைவியின் கறுப்புக் குடை, மூங்கில் கைப்பிடி போட்டது, பஸ்ஸில் நான்காம் வரிசைக்கு மேலுள்ள தட்டில் தங்கிவிட்டது. இதுவரை இரண்டு முறை கேட்டாகிவிட்டது.