மணலில் நங்கூரம் பிடிக்க வைத்தவர்களுக்கு

இந்தக் கரையின் மீனவ அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

எங்களுடைய 12 மீட்டர் பாய்மரப் படகு உங்கள் ஊருக்கு முன்னால் பத்திரமாக நிற்கிறது என்றால், அது உங்களால்தான்.

வெயில் ஏறும்வரை வெளியிலேயே நிற்கச் சொன்ன பெரியவருக்கு முதல் நன்றி. வெயில் உச்சியிலோ முதுகுப்பக்கமோ இருந்தால்தான் அடிப்பரப்பு தெரியும்: கருநீலம் ஆழம், வெளிர்பச்சை மணல், பழுப்பு என்றால் பார், அதாவது கடலடிப் பாறை, மேலே வந்துவிட்டது. எதிர்வெயிலில் எல்லாமே ஒரே பளபளப்புதான். பழைய அளவைகளை வைத்து வரைந்த கடல்வரைபடத்தில் பார் இருக்கும் இடம் ஜிபிஎஸ்ஸோடு ஒத்துப்போகும் என்று நம்பவே கூடாது.

வள்ளத்தில் முன்னால் போய், வலையின் கொடிமிதவையைச் சுற்றி வழிகாட்டிய தம்பிகளுக்கும் நன்றி. புரொப்பல்லரில் கயிறு சுற்றினால் எங்களுக்கு இன்ஜின் நிற்கும், உங்களுக்கோ பிழைப்பே போகும்.

நீங்கள் காட்டிய மணல் திட்டில் ஆழம் 6 மீட்டர். நீர்மட்டத்துக்கு மேல் அணியத்தின் (படகின் முன்முனையின்) உயரம் 1, ஏற்றநீருக்கு 1 சேர்த்தால் 8. அதற்கு ஐந்து மடங்கு, 40 மீட்டர் சங்கிலி விட்டோம். மொத்தமாகக் கொட்டினால் சங்கிலி குவிந்து நங்கூரத்திலேயே சிக்கும். படகு பின்வாங்க வாங்கத்தான் விட வேண்டும். பிறகு ரிவர்ஸில் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டி, சங்கிலியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தோம். தடதடவென்று அதிர்ந்தது. நங்கூரம் இழுபடுகிறது என்று அர்த்தம். அப்போது முக்குளித்துப் பார்த்து, நங்கூரம் மணலுக்குள் இறங்காமல் கடற்புல்லை வாரிக்கொண்டு வருவதைச் சொன்ன அண்ணனை மறக்கவே மாட்டோம். தூக்கி, புல்லைக் கழித்து, அவர் கைகாட்டிய வெறும் மணலில் மறுபடி போட்டதும் சங்கிலி விறைத்து அசையாமல் நின்றது. கரையில் தென்னையும் விளக்குக் கம்பமும் ஒரே நேர்கோட்டிலேயே நின்றன, அதாவது படகு நகரவில்லை.

ராத்திரி கரைக்காற்று திரும்பினால் படகும் எதிர்ப்பக்கம் சுழலும். சங்கிலியும் படகின் நீளமும் சேர்ந்து ஏறக்குறைய 50 மீட்டர் ஆரமுள்ள வட்டம். அந்த வட்டம் விடியற்காலையில் நீங்கள் வள்ளம் இறக்கும் பாதையில் விழும் என்று முன்பே எச்சரித்தீர்கள். அதனால்தான் தள்ளி நிற்கிறோம். பாய்மர உச்சியில் எரியும் வெள்ளை விளக்கு தாழ்வான வள்ளத்தில் வருபவரின் கண்ணில் படாமல் போகலாம், ஆகவே தளத்திலும் ஒரு விளக்கு வைத்திருக்கிறோம்.

கரைக்கு வந்துபோகும் எங்கள் சிறு படகான டிங்கியை நீளக் கயிற்றில் உங்கள் வள்ளங்களுக்குப் பின்னால் கட்டியிருக்கிறோம். இடைஞ்சலாக இருந்தால் எங்களைக் கேட்க வேண்டாம், அவிழ்த்துத் தள்ளிக் கட்டுங்கள்.

நன்றியுடன்,
வெள்ளைப் படகுக்காரர்கள்